டெங்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன, இனி வராதா?

கேள்வி: என் வயது 36. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எதுவும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் டெங்கு வந்து குணமானேன். அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'டெங்கு ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ்' என்று வந்திருக்கிறது. கிருமி இன்னும் உடம்பில் இருக்கிறதா? இந்த எதிர்ப்பு சக்தி எத்தனை வருடம் தாங்கும்? வருடாவருடம் பரிசோதிக்க வேண்டுமா? என் அண்ணனுக்குச் சிக்குன்குனியா வந்தது. அவருக்கு மறுபடி வருமா?

பதில்: கிருமி இல்லை, அந்தப் பயம் வேண்டாம். காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில் டெங்கு வைரஸ் ரத்தத்தை விட்டு நீங்கிவிடும். உடம்புக்குள் பதுங்கியிருந்து பல வருடம் கழித்துத் தலைதூக்கும் வைரஸ் அல்ல அது.

உங்கள் ரிப்போர்ட் காட்டுவது ஆன்டிபாடிகளை, அதாவது எதிர்ப்பொருள்களை. ஐஜிஎம் காய்ச்சல் கண்ட நான்கைந்து நாளில் தோன்றி, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் மறைந்துவிடும். ஐஜிஜி சற்றுத் தாமதமாக வரும், ஆனால் பல பத்தாண்டுகள் நிலைக்கும். ரத்தத்தில் உள்ள ஐஜிஜியில் பாதி மூன்று வாரத்துக்குள் அழிந்துவிடுகிறது. அப்படியானால் இன்று உங்களிடம் இருப்பது நான்கு வருடப் பழசல்ல. எலும்பு மஜ்ஜையில் தங்கிவிட்ட பிளாஸ்மா செல்கள் இன்றும் அதைச் சுரந்துகொண்டிருக்கின்றன.

இது எவ்வளவு காலம் நடக்கும் என்பதற்கு வியப்பான சான்று உண்டு. அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் 1855-இல் மஞ்சள் காய்ச்சல் பரவியது. அதில் பிழைத்தவர்களின் ரத்தத்தைச் சுமார் 75 ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் எதிர்ப்பொருள் இருந்தது. அதுவும் கொசுவால் பரவும், டெங்குவின் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்தான்.

இதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. உங்களைத் தாக்கிய வகைக்கு எதிரான பாதுகாப்பு ஏறக்குறைய ஆயுள் முழுவதும் இருக்கும். மற்ற மூன்றுக்கும் கிடைக்கும் பாதுகாப்பு தற்காலிகமானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஆல்பர்ட் சேபின் தன்னார்வலர்களிடம் செய்த சோதனைகளில் அது சில மாதங்களே நீடித்தது. ஓரிரு வருடம் நீடிக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: வேறொரு வகை தாக்கும்போது பழைய எதிர்ப்பொருள் அந்த வைரஸோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதை முடக்காது. ஒட்டிய நிலையில் வைரஸ் வெள்ளை அணுக்களுக்குள் இன்னும் எளிதாக நுழைந்து பெருகும். கியூபாவில் 1977-இல் முதல் வகை டெங்கு பரவியது. 1997-இல் இரண்டாம் வகை அந்நாட்டின் சான்டியாகோ நகரைத் தாக்கியபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லாரும் ஏற்கெனவே ஒருமுறை டெங்கு கண்ட பெரியவர்கள். இடைவெளி இருபது வருடம்! இரண்டாவது முறை வருகிற எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, பெரும்பாலோர் நலமாகவே தேறுகிறார்கள். ஆனால் ஆபத்து முதல் தடவையைவிட அதிகம்.

வருடாவருடம் ஐஜிஜி பார்ப்பது வீண் செலவு. எந்த வகை வந்தது என்பதை அந்தச் சாதாரணப் பரிசோதனை சொல்லாது. ஜிகா வைரஸாலோ ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியாலோ உண்டான எதிர்ப்பொருளும் அதில் டெங்கு பாசிட்டிவ் என்று காட்டக்கூடும்.

அண்ணன் விஷயம் எளிது. சிக்குன்குனியாவில் இப்படி நான்கு வகைச் சிக்கல் இல்லை. ஒருமுறை வந்தால் நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கிறது, மறுபடி வருவது மிக அரிது. மாதக்கணக்கில் மூட்டுவலி இருந்தால் அது பழைய தொற்றின் மிச்சம், புதுத் தொற்று அல்ல.

நீங்கள் பகலிலும் கொசுக்கடியைத் தவிருங்கள், டெங்கு கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம். முதல் சில நாட்களிலேயே, ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் என்எஸ்1 பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் கவனம் அதிகம் தேவை. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மிதமிஞ்சிய சோர்வு என எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போனதும், முன்பு டெங்கு வந்திருக்கிறது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.