கலைஞனின் நிலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில ஆண்டுகளுக்கு முன் மிலான் நகரில் லியோனார்டோவின் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தைப் பார்த்துக் கண்கலங்கினேன். எதிரே காசா டெலி அத்தெல்லானி என்ற வீட்டின் பின்புறம் அவருடைய திராட்சைத் தோட்டம் இருக்கிறது என்றார்கள். போனால் சில வரிசைக் கொடிகள்தான், அவையும் அண்மையில் நட்டவை. பறிபோன அந்த நிலம் பிறகு அவர் கைக்கே வந்தது, உயிலில்கூட எழுதினார் என்று கேட்டதும் மனம் சுருங்கிவிட்டது. அப்படி வரைந்தவருக்கு ஒரு துண்டு நிலம் அவ்வளவு பெரிதா? என் மகள் மிலான் போகிறாள். அந்தத் தோட்டத்தைப் பார்க்கச் சொல்லலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘அண்மையில் நட்டவை’ என்ற குறையை முதலில் தள்ளிவிடுவோம். மண்ணுக்கடியில் கிடைத்த பழைய வேர்களை அத்தீலியோ ஷியென்சா என்ற பேராசிரியரின் குழு மரபணுச் சோதனை செய்து, மல்வாசியா தி காந்தியா அரோமாத்திகா என்னும் வெள்ளைத் திராட்சை வகை என்று கண்டறிந்தது. அந்த வகையையே மறுபடி நட்டு 2015இல் தோட்டத்தைத் திறந்தார்கள். நீங்கள் கண்கலங்கிப் பார்த்த ஓவியத்திலும் அழிந்துபோன இடங்களை நீர்வண்ணத்தால் நிரப்பியிருக்கிறார்கள். 1978இல் தொடங்கிய அந்தச் சீரமைப்பு முடிய 1999 ஆனது. ஓவியத்துக்குக் காட்டிய கருணையைக் கொடிக்கும் காட்டலாமே.

உங்கள் இன்னொரு வரியைத்தான் என்னால் விட முடியவில்லை. ஒரு துண்டு நிலம் அவ்வளவு பெரிதா என்கிறீர்கள். ஆமாம், பெரிதுதான்.

மிலான் பிரபு லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு லியோனார்டோ எழுதிய கடிதம் ஒன்றின் வரைவு, பாதி கிழிந்த நிலையில் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடச் சம்பளம் வரவில்லை என்கிறார். ‘குதிரையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன், காலம் எப்படி என்று எனக்குத் தெரியும்’ என்றும் ஒரு வரி. பிரபுவின் தந்தைக்காக அவர் வடிக்க இருந்த மாபெரும் குதிரைச் சிலை அது. அதற்குச் சேர்த்த வெண்கலம் 1494இல் பீரங்கி வார்க்கப் போய்விட்டது. யோசித்துப் பாருங்கள், அந்த மனிதர் அப்போது சம்பளமே கேட்கத் தயங்கிக்கொண்டு நிற்கிறார்.

ஒரு பத்திரிகை எனக்கு நெடுங்காலம் பணம் தராமல் இழுத்தடித்தது. நேரில் போய்க் கேட்டேன். ‘எழுத்துதானே சார் உங்களுக்குச் சொத்து’ என்றார் பொறுப்பில் இருந்தவர். பாராட்டுவதாகவே நினைத்துச் சொன்னார். அன்று வீட்டு வாடகைக்குக் கெடு முடிந்திருந்தது. கலைஞனை வானத்தில் உட்காரவைப்பவர்கள் அவனுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் தப்பித்துக்கொள்கிறார்கள். உங்கள் கடிதத்திலும் அந்தக் குரலைக் கேட்டேன். அதனால்தான் கோபம்.

1498இல் லுடோவிகோ அந்தத் தோட்டத்தைக் கொடுத்தார், ஏறத்தாழ இரண்டு ஏக்கர். மறு வருடமே பிரெஞ்சுப் படை நுழைந்தது, பிரபு ஓடினார், லியோனார்டோவும் ஊரைவிட்டுக் கிளம்பினார். பறிமுதலான நிலம் 1507இல் பிரெஞ்சு ஆளுநர் காலத்தில் திரும்பக் கிடைத்தது. வெனிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம், கடைசியில் பிரான்ஸ் என்று பிறர் தயவில் ஊர் ஊராக இருந்தவருக்கு, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த மண் இருந்தது.

1519 ஏப்ரலில், சாவதற்குச் சில நாள் முன்பு, உயில் எழுதுகிறார். புத்தகங்களும் கருவிகளும் சீடர் மெல்சிக்கு. வேலைக்காரி மத்துரீனாவுக்கு மென்மயிர் வைத்துத் தைத்த நல்ல கறுப்புத் துணி அங்கி. தோட்டத்தில் ஒரு பாதி, சிறுவனாக வந்து சேர்ந்த சலாய்க்கு. அவன் அங்கே கட்டிக்கொண்ட வீடும் அவனுக்கே. மறுபாதி பணியாள் வில்லானிக்கு. மனம் சுருங்குவதற்கு இதில் என்ன இருக்கிறது எஸ்.? தனக்கு ஊழியம் செய்தவர்களைத் தன்னைப்போல் சம்பளத்துக்கு ஏங்கவிடாமல் போயிருக்கிறார். எனக்கு அந்த ஓவியத்துக்கு நிகராகவே இந்த உயிலும் பிடிக்கும்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். 2022இல் அந்த வீடு கைமாறியபின் தோட்டத்தைப் பார்வையாளர்களுக்கு மூடிவிட்டார்கள். இப்போதைய நிலவரத்தை விசாரித்துக்கொள்ளட்டும். ஓவியத்துக்கு முன்பதிவு கட்டாயம், உள்ளே கால் மணி நேரம்தான் விடுவார்கள். புறப்படுவதற்கு முன் அந்த உயிலையும் அவள் ஒருமுறை படித்துவிடட்டும், நீங்களும் கூடவே உட்கார்ந்து படியுங்கள்.