அடுக்குப் பிரிவு மாடலில் வலிமையைக் குறைத்துப் போடலாமா?

கேள்வி: கார்பன் இழை லேமினேட்டில் (அடுக்குகளை ஒட்டிச் செய்த பலகை) டி.சி.பி. சோதனையை (முன்விரிசல் உள்ள துண்டின் இரு கைகளையும் இழுத்துப் பிரிப்பது) கொஹீசிவ் எலிமென்ட் (அடுக்குகளுக்கு நடுவே வைக்கும், சேதமாகி அறக்கூடிய கணினிக் கூறு) வைத்து மாடல் செய்கிறேன். அடுக்குகளுக்குக் குறுக்கே மாடுலஸ் (பொருளின் விறைப்பு) 11 ஜிகாபாஸ்கல், முறிவு ஆற்றல் (ஓர் அலகு பரப்பைப் பிரிக்க ஆகும் ஆற்றல்) 0.35 நி/மி.மீ., இடைமுக வலிமை 60 மெகாபாஸ்கல், மெஷ் (ஒரு எலிமென்டின் நீளம்) 2 மி.மீ. உச்ச விசை சோதனையைவிட அதிகமாக வருகிறது. அப்புறம் வரைபடம் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குகிறது. விஸ்காசிட்டி எண்ணை (கணக்கு பாதியில் நிற்காமலிருக்க மென்பொருளில் சேர்க்கும் செயற்கைத் தணிப்பு) கூட்டினால் கோடு சீராகிறது, ஆனால் விசை இன்னும் மேலே போகிறது. வலிமையை 30 ஆகக் குறைத்தால் பொருந்துகிறது. இது ஏமாற்று வேலையா?

பதில்: உங்கள் மாதிரியில், அதாவது சோதனைத் துண்டில், இது ஏமாற்று வேலை இல்லை. ஆனால் வேறு மாதிரியில் ஆகலாம்.

விரிசல் முனைக்கு முன்னால் பொருள் சேதமாகிக்கொண்டிருக்கும் பகுதியின் நீளத்தை முதலில் கணக்கிடுங்கள். மாடுலஸை முறிவு ஆற்றலால் பெருக்கி, வலிமையின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். உங்கள் எண்களுக்கு 11000 × 0.35 ÷ 3600, அதாவது சுமார் 1.1 மி.மீ. இதுவே தாராளமான மதிப்பீடு. சில சூத்திரங்கள் இதில் கால் பங்குக்கும் குறைவாகவே தரும். அந்தப் பகுதிக்குள் குறைந்தது 3 எலிமென்ட் வேண்டும். உங்களிடம் முழுப் பகுதியும் ஒரே எலிமென்டுக்குள் அடங்கிவிட்டது. அதனால் ஒவ்வொரு எலிமென்டும் நேரம் கடந்து, மொத்தமாக அறுகிறது. கூடுதல் விசையும் ரம்பப் பல்லும் அங்கிருந்துதான் வருகின்றன.

வலிமையை 30 ஆக்கினால் இந்த நீளம் நான்கு மடங்காகி 4.3 மி.மீ. ஆகிறது. 1 மி.மீ. மெஷ் போதும், 2 மி.மீ. அப்போதும் கொஞ்சம் பெரிதுதான். இப்படிச் செய்ய ஏன் அனுமதி? டி.சி.பி. மாதிரியில் விரிசல் ஏற்கெனவே இருக்கிறது. இருக்கும் விரிசல் வளர்வதை முடிவு செய்வது முறிவு ஆற்றல். வலிமைக்கு அதில் பங்கு குறைவு. வலிமையில் பேரம் பேசலாம், முறிவு ஆற்றலைத் தொடக்கூடாது. ஆனால் துளை விளிம்பு, அடுக்குகள் முடியும் இடம், மோதல் சேதம் என்று விரிசலே இல்லாத இடத்தில் அது பிறப்பதைக் கணிக்க வேண்டுமானால் குறைத்த வலிமை பொய் சொல்லும். அங்கே மெஷ்ஷைத்தான் நுணுக்க வேண்டும், வேறு வழியில்லை.

விரிசல் திறப்பதும் சறுக்குவதும் சேர்ந்து வரும் கலப்பு வகைச் சுமைக்குப் போகும்போது திறப்பு வலிமையை மட்டும் குறைத்துவிடாதீர்கள். சறுக்கு வலிமைக்கும் திறப்பு வலிமைக்கும் உள்ள விகிதம், அவற்றின் முறிவு ஆற்றல் விகிதத்தின் வர்க்கமூலமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கலப்பு நிலையில் செலவாகும் ஆற்றல் தவறும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

விஸ்காசிட்டி விஷயத்தில் எனக்குச் சந்தேகம் அதிகம். சேதத்தைத் தாமதப்படுத்தித்தான் அது கணக்கை ஒருங்கவைக்கிறது. அந்தத் தாமதம் கூடுதல் முறிவு ஆற்றலாக வேலை செய்கிறது. எண்ணைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். உச்ச விசை நகர்ந்தால் அது இன்னும் விடையில் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

வரைபடம் சோதனையோடு பொருந்துவதை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டியும் பொருந்தலாம். ஆற்றல் கணக்கைப் பாருங்கள். மாதிரியின் அகலம் 25 மி.மீ., விரிசல் 20 மி.மீ. வளர்ந்தது என்றால் புதிய பரப்பு 500 ச.மி.மீ.; 0.35 ஆல் பெருக்கினால் 175 நி.மி.மீ. சேதத்தில் செலவான ஆற்றலாக மென்பொருள் காட்டும் எண் இதை ஒட்டியே வர வேண்டும். விஸ்காசிட்டியில் போன ஆற்றல் அதில் ஒரு சில சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஓட்டத்தை ஒதுக்கிவிடுங்கள்.

இடைமுகத்தின் ஆரம்ப விறைப்புக்கு, குறுக்கு மாடுலஸை மாதிரியின் ஒரு கையின் தடிமனால் வகுத்து 50 ஆல் பெருக்குங்கள். 1.5 மி.மீ. தடிமனுக்குச் சுமார் 3.7 லட்சம் நி/மி.மீ.³ வரும். இதைவிட ரொம்பக் குறைத்தால் ஆரம்பச் சாய்வே தளர்ந்துவிடும்.

எல்லாம் சரியாக்கிய பிறகு, விரிசல் வளர வளர சோதனைக் கோடு மட்டும் மாடலுக்கு மேலே விலகிப் போனால் மெஷ்ஷைத் திட்ட வேண்டாம். ஒரே திசை இழை மாதிரிகளில் பிரிந்த முகங்களுக்கு நடுவே இழைகள் பாலம் போட்டு இழுத்துப் பிடிக்கும். முறிவு ஆற்றல் தானாகவே ஏறும். 0.35 என்பது விரிசல் தொடங்கும்போது எடுத்த மதிப்பா, வளர்ந்த பிறகு எடுத்ததா என்று சோதனை அறிக்கையில் பாருங்கள். உண்மையான கட்டமைப்பை வடிவமைக்கத் தொடக்க மதிப்பைத்தான் நான் எடுப்பேன். அடுக்குகளின் திசை மாறும் லேமினேட்டில் அந்தப் பாலத்தை அப்படியே எதிர்பார்க்க முடியாது.