கட்டற்ற மென்பொருளுக்குக் கைம்மாறு: கேள்விகளும் பதில்களும்

எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள்களை ஆக்கித் தருபவர்களுக்கு எவ்வாறு நன்றி செலுத்துவது என்று கடலூர், புதுச்சேரிப் பகுதி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி கடை நடத்துகிறேன். பல ஆண்டுகளாக லிப்ரெஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில்தான் வேலை. நிரல் எழுதத் தெரியாத நான் என்ன செய்ய முடியும்?

நாள் முழுவதும் தமிழில் தட்டச்சு செய்யும் அனுபவம் உங்களிடம் இருக்கிறது. அது பெரும்பாலான நிரலாளர்களுக்கு வாய்ப்பதில்லை. பிடிஎஃப் ஆக மாற்றும்போது ஒற்றைக்கொம்பு இடம் மாறி விழுந்தால், மனுவைத் திருத்திக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். மென்பொருளின் பதிப்பு எண், எழுத்துருவின் பெயர், எதைச் செய்த பிறகு பிழை தோன்றுகிறது என்ற வரிசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, வாடிக்கையாளரின் விவரங்களை நீக்கிய இரண்டு வரி மாதிரிக் கோப்புடன் லிப்ரெஆபிஸின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் பதிவு செய்யுங்கள். அதற்கு முன், வேறு யாரேனும் அதையே பதிந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். பதிந்திருந்தால் இன்னும் நல்லது. புதிய வழு (பிழை) எதுவும் முதலில் ‘உறுதிசெய்யப்படாதது’ என்ற நிலையிலேயே அங்கு நிற்கும். இன்னொருவர் தம் கணினியிலும் அது நேர்வதாக எழுதினால்தான் வேலை நகரும். அந்த இன்னொருவராக நீங்கள் இருப்பது, சிறு நிரல் எழுதித் தருவதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்பது என் உறுதியான கருத்து.

லாஸ்பேட்டையில் பொறியியல் படிக்கிறேன். மென்பொருள் திட்டங்களின் அறிமுகக் கோப்புகளில் ஓரிரு சொற்களை மாற்றி நிறைய புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினால் பங்களிப்பாகுமா?

எண்ணிக்கைக்காக அனுப்பினால் ஆகாது. இத்தகைய பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபர்தோறும் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் நான்கு கோரிக்கைகளுக்கு ஒரு டி-ஷர்ட் என்றிருந்ததால், 2020 அக்டோபரில் பயனற்ற திருத்தங்கள் வந்து குவிந்தன. திட்டங்களைக் காத்துவரும் பராமரிப்பாளர்கள் வெறுத்துப்போக, பங்கேற்க விருப்பம் தெரிவித்த திட்டங்களில் செய்யும் பங்களிப்பை மட்டுமே கணக்கில் கொள்வதென அமைப்பாளர்கள் அந்த மாதமே விதியை மாற்றினார்கள். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரே ஒரு திட்டத்தைத் தேர்ந்து, அதன் பங்களிப்பு விதிகளைப் படித்து, ஒரு திருத்தத்தை முழுமையாகச் சோதித்து அனுப்புங்கள்.

வழுவைப் பதிந்து மூன்று மாதமாகியும் பதில் இல்லை. வற்புறுத்திக் கேட்கலாமா? (கடலூர் முதுநகர்)

ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம்; வற்புறுத்தல் வேண்டாம். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளை ஏறத்தாழ ஒருவரே தம் ஓய்வு நேரத்தில் காத்துவந்தார். மன நலிவில் இருந்த அவரைத் தாமதத்துக்காகச் சிலர் மடலில் தொடர்ந்து நெருக்கினார்கள். உதவ வந்தவர்போல் நடித்து, ஒரு பெயரில் பொறுப்பைப் பெற்றவர் அதில் ஒளித்துவைத்த பின்கதவு (கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி) 2024 மார்ச்சில் கண்டுபிடிக்கப்பட்டது. பராமரிப்பாளரின் சுமையைக் குறைப்பது மரியாதை மட்டுமன்று, நம் கணினிகளின் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது.

என்னிடம் ஆண்ட்ராய்டு போன் மட்டுமே உண்டு. (தேவனாம்பட்டினம்)

அதுவே போதும். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியை நிறுவிக்கொண்டு உங்கள் தெருவில் நடந்தால், இந்தச் சாலை தார்ச்சாலையா மண்சாலையா என்பது போன்ற சிறு கேள்விகளைக் கேட்கும். நீங்கள் தரும் விடை, மக்களே சேர்ந்து உருவாக்கும் கட்டற்ற வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேரும். 2011 டிசம்பரில் தானே புயல் கரையைக் கடந்த பகுதி நம்முடையது. மீட்புக்கு வருபவர் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய வரைபடம் இங்கே எவ்வளவு தேவை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணால் கண்டதை மட்டும் பதியுங்கள். கூகுள் வரைபடத்தைப் பார்த்து எழுதுவதற்கு உரிமம் இடம் தராது.

பணம் கொடுத்தால் போதாதா? (நெல்லிக்குப்பம்)

தாராளமாகக் கொடுக்கலாம். லிப்ரெஆபிஸுக்குப் பின்னால் உள்ள டாக்குமென்ட் பவுண்டேஷன் நன்கொடையில் நடப்பதுதான்.

புதியவர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எப்படிப் பொறுத்துக்கொள்வது? (வில்லியனூர்)

நாமும் ஒருநாள் அதையே கேட்டோம். யாரோ சலிக்காமல் சொன்னார்கள். அருகில் அமர்ந்து உதவும்போது விசைப்பலகையை வாங்கிக்கொள்ளாமல் அவர்களையே தட்டச்சு செய்ய விடுங்கள். மூன்றாம் முறை அதே கேள்வி வந்தால், குறை கேட்பவரிடம் இல்லை, ஆவணத்தில் இருக்கிறது. நீங்கள் வாயால் சொன்ன விளக்கத்தையே எழுதி, அந்தத் திட்டத்தின் உதவிப் பக்கத்தில் சேர்க்க அனுப்பிவையுங்கள்.