மந்திரவாதி இருக்கும் ஊரில் பம்பு எதற்கு?

மாயாஜாலக் கதை எழுதும் பினாங்கு, கோலாலம்பூர் அன்பர்கள் கேட்டவை இவை. மந்திரம் பலிக்கிற உலகில் தொழில்நுட்பம் எங்கே வளரும், எங்கே முடங்கும் என்பதுதான் எல்லோருக்கும் சந்தேகம்.

பட்டர்வொர்த்: அக்கா, என் கதையில் ஈயச் சுரங்கம். ஊறும் தண்ணீரை மேலே ஏற்ற ஒரு மந்திரவாதி இருக்கிறான். அங்கே நீராவி இயந்திரம் வருமா?

அவனுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது தம்பி? அதைச் சொன்னால் பதில் தானே வந்துவிடும்.

30 மீட்டர் ஆழக் குழி, நாளைக்கு 100 கன மீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதை மேலே கொண்டுவர ஏறக்குறைய 29 மெகாஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) வேலை ஆகும். ஓர் ஆள் 8 மணி நேரம் உழைத்தால் 2 மெகாஜூல் தேறும். ஆக, 14 அல்லது 15 ஆள் வேலை. மந்திரவாதியின் உடம்பிலிருந்தே சக்தி செலவாகிறது என்றால் சோற்றுக் கணக்கு இடிக்கும். சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். ஒரு கிலோ அரிசியில் இருப்பது சுமார் 15 மெகாஜூல். அவன் தினமும் 10 கிலோ அரிசி பொங்கிச் சாப்பிட வேண்டியிருக்கும். நடக்காது. அந்தச் சுரங்கத்துக்கு இயந்திரம் வந்தே தீரும்.

சக்தி வெளியிலிருந்து வற்றாமல் கிடைக்கிறது என்றால் வராது. அப்போது போவது பம்பு மட்டுமில்லை. 1712-இல் இங்கிலாந்தில் நியூகோமன் செய்த நீராவி இயந்திரம் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கத்தான் வந்தது. அது கரியை விழுங்கிய வேகத்துக்கு, சுரங்க வாசலிலேயே கரி கிடைக்கிற இடத்தில்தான் கட்டுப்படியானது. அந்தச் செலவைக் குறைக்க ஜேம்ஸ் வாட், நீராவியைக் குளிரவைக்கத் தனிக் குளிர்கலன் வைத்தார். 1769-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய சிலிண்டரைத் துல்லியமாகக் குடைய, பீரங்கி துளைப்பதற்காக இரும்பு ஆலைக்காரர் வில்கின்சன் 1774-இல் கண்ட முறை கைகொடுத்தது. துல்லியக் கடைசல் பட்டறை வளர்ந்த வழிகளில் இது முக்கியமானது. உங்கள் உலகில் தண்ணீர் தானே ஏறிவிட்டால் இந்தச் சங்கிலியே அறுந்துவிடும். பூட்டும் திருகாணியும் இன்னும் கையால் அரம் ராவியதாகவே இருக்கும். அதைக் கதையில் காட்டுங்கள்.

செந்தூல்: ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் மந்திரம் வரும் என்று வைத்தால்?

20,000 பேர் உள்ள ஊரில் 20 பேர். குழந்தைகளையும் முதியவர்களையும் கழித்தால் பத்துப் பன்னிரண்டு. அவர்களை அரண்மனையும் படையும் பிடித்துக்கொள்ளும். மிச்சம் பணக்காரர் வீட்டுக்கு. நெல் குத்தவும் துணி துவைக்கவும் யாரும் வர மாட்டார்கள். மந்திரவாதி எட்டிப் பார்க்காத வேலையில்தான் இயந்திரம் பிறக்கும். உங்கள் உலகின் முதல் இயந்திரத்தைக் கோட்டையில் வைக்காதீர்கள், அரிசி ஆலையில் வையுங்கள்.

ஆயர் ஈத்தாம்: நெருப்பு மந்திரம் தெரிந்த கொல்லனுக்கு அடுப்புக்கரி தேவையில்லைதானே?

தேவை. நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. உலையில் கரிக்கு இரண்டு வேலை. சூடு தருவது ஒன்று. தாதுவில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பது இன்னொன்று. மந்திரச் சூடு முதல் வேலையைத்தான் செய்யும். கரியில்லாமல் இரும்புத் தாதுவைக் காய்ச்சினால் உங்களுக்குக் கிடைப்பது சுடச்சுட ஒரு கல்.

சூடு மிஞ்சினாலும் ஆபத்து. சாதாரண மண் உலை சுமார் 1,200 டிகிரியில் தரும் இரும்பு கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். அடித்து, கசடு நீக்கி, கத்தி செய்யலாம். கொல்லன் ஆர்வத்தில் சூட்டை ஏற்றினால் இரும்பு கரியை உள்ளே வாங்கிக்கொண்டு உருகி ஓடும். 3, 4 விழுக்காடு கரி ஏறிய வார்ப்பிரும்பு அது. சம்மட்டியால் ஓங்கி அடித்தால் வளையாது, சில்லுச் சில்லாக உடையும். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில்தான், ஆனால் தாதுவிலிருந்து அதைப் பிரிக்க அங்கேயும் கரி வேண்டும். சூடு மிஞ்சினால் தாதுவில் கலந்திருக்கும் இரும்பும் பிரிந்து வெள்ளீயத்தோடு சேர்ந்து கெடுத்துவிடும்.

ஆக, உங்கள் கொல்லனுக்குக் கரி குறையும், காடு கொஞ்சம் பிழைக்கும். அவன் பெயர் எடுப்பது சூட்டைக் கூட்டுவதில் இல்லை, நிறுத்தத் தெரிவதில்.

பிரிக்பீல்ட்ஸ்: குணமாக்கும் மந்திரம் இருந்தால் மருத்துவம் வேகமாக வளருமா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. காய்ச்சல் கண்டவனைத் தொட்டதும் எழுப்பிவிட்டால், காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று யார் தேடுவார்கள்? 1897-இல் மருத்துவர் ரொனால்ட் ராஸ் கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901-இல் கிள்ளானில் மருத்துவர் மல்கம் வாட்சன் சதுப்பை வடித்து மலேரியாவைக் குறைத்தார். மருந்தால் மட்டும் அடக்க முடியாததால்தான் மண்வெட்டி எடுக்க நேர்ந்தது.

அதிலும் ஒரு பாடம் உண்டு. தாழ்நிலத்துக் கொசு நிழலான சதுப்பில் வளர்வது. காட்டை அழித்தால் ஒழியும். மலையடிவாரத்துக் கொசு வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது; அங்கே காட்டை அழித்தால் பெருகும். ஓடையை நிலத்தடிக் குழாயில் விட வேண்டியிருந்தது. உங்கள் வைத்தியர் இதையெல்லாம் கேட்கவே மாட்டார். அவர் இறந்த அடுத்த மழைக்காலத்தில் ஊர் என்ன ஆகும் என்று எழுதுங்கள்.

ஜார்ஜ்டவுன்: காற்றை அழைக்கும் மாலுமி இருந்தால் துறைமுகம் கொழிக்குமா அக்கா?

சரக்கு கொழிக்கும், ஊர் மெலியும். சோழமண்டலக் கரையிலிருந்து பாய்மரக் கப்பல் தென்மேற்குப் பருவக்காற்றில் வரும், வடகிழக்குக் காற்றில்தான் திரும்பும். நடுவில் மாதக்கணக்கில் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில்தான் கிடங்கும் பள்ளிவாசலும் சத்திரமும் கல்யாணமும் உண்டாயின. தமிழ் முஸ்லிம் வணிகர் குடியேறிய நம் சூலியா தெருவை நினைத்துப் பாருங்கள். காற்று கூப்பிட்டால் வரும் என்றால் வணிகர் பத்தாம் நாளே போய்விடுவார்.

ஜெலுத்தோங்: மனசுக்கு மனசு பேசும் மந்திரம் தந்தியை ஒழித்துவிடுமா?

எத்தனை பேரால் பேச முடியும் என்பதைப் பொறுத்தது. 1870-இல் மதராஸிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக் கம்பி வந்தது. அதைச் சுற்றிய உறை தாபான் மரத்துப் பால், கட்டாபெர்ச்சா. அதற்காக நம் காடுகளில் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். எழுத்துத் தெரிந்த எந்தக் குமாஸ்தாவும் பழகினால் நிமிடத்துக்கு 20 சொல் அனுப்பலாம் என்பதுதான் தந்தியின் பலம். மனம் பேசுகிறவர் 12 பேர் என்றால் அவர்கள் ராஜாவின் ஒற்றர்கள். அரிசி விலை கேட்கும் வணிகருக்குக் கம்பிதான். எல்லோராலும் பேச முடியும் என்றால் தாபான் மரம் பிழைக்கும். அப்போது மின்சாரம் பழகுவதற்கு வேறொரு காரணத்தை நீங்கள் தேட வேண்டும். மின்சாரத்தால் முலாம் பூசும் பட்டறையில் தேடிப் பாருங்கள்.