டெக்சஸ் சிற்றூர் நீதிமன்றத்திலிருந்து விவாகரத்துத் தீர்ப்பின் நகலைப் பெறுவது: கேள்வி பதில்

வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் ஆவணப் பணியைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். டெக்சஸில் 254 கவுன்ட்டிகள், அதாவது மாநிலத்தின் உட்பிரிவுகளான நிர்வாக வட்டாரங்கள், இருக்கின்றன. ஹூஸ்டன், டாலஸ் போன்ற பெருநகர நீதிமன்றங்களைப் பற்றி யாரும் என்னிடம் அதிகம் கேட்பதில்லை. வரும் கேள்விகள் பெரும்பாலும் சின்னஞ்சிறு கவுன்ட்டிகளைப் பற்றியவைதான். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: 2011-இல் மேற்கு டெக்சஸில் எங்களுக்கு விவாகரத்து ஆனது. இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறேன். மாநிலச் சுகாதாரத் துறைக்குப் பணம் கட்டி ஒரு கடிதம் வாங்கிவிட்டேன். அது போதும்தானே, ஐயா?

பதில்: போதாது, அம்மா. உங்களைப் போல் இருபது டாலரைக் கட்டிவிட்டு வந்து கேட்பவர்கள் பலர். மாநிலச் சுகாதாரத் துறை 1968 முதல் நடந்த விவாகரத்துகளுக்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அதைப் பார்த்து அவர்கள் தருவது சரிபார்ப்புக் கடிதம் மட்டுமே; இன்னார் இருவருக்கு, இந்தத் தேதியில், இந்தக் கவுன்ட்டியில் விவாகரத்துப் பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இராது. குடியுரிமை அதிகாரி பார்க்க விரும்புவது நீதிபதி கையெழுத்திட்ட இறுதித் தீர்ப்பாணையை. அது மாநிலத் தலைநகரில் கிடையாது; வழக்குத் தாக்கலான கவுன்ட்டியின் நீதிமன்றக் கட்டடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கடிதத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள கவுன்ட்டியின் பெயரும் தேதியும் அடுத்த படிக்கு வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் திருமணம் மதுரையில் நடந்தது, அமெரிக்காவில் அதைப் பதிவே செய்யவில்லை. விவாகரத்தின்போது கணவர் ஓர் ஊரிலும் நான் வேறோர் ஊரிலும் இருந்தோம். எந்தக் கவுன்ட்டியில் தேடுவது?

பதில்: திருமணம் எங்கே நடந்தது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. டெக்சஸ் சட்டப்படி, மனுத் தாக்கல் செய்யும் நாளில் கணவன், மனைவி இருவரில் ஒருவராவது ஆறு மாதம் மாநிலத்திலும் தொண்ணூறு நாள் அந்தக் கவுன்ட்டியிலும் வசித்திருக்க வேண்டும். ஆகவே அந்தக் காலத்தில் நீங்கள் இருந்த கவுன்ட்டி, அவர் இருந்த கவுன்ட்டி ஆகிய இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மனுவை முதலில் தாக்கல் செய்தவர் யார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அவருடைய பழைய வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ விடையைச் சொல்லிவிடும். அஞ்சல் முகவரியில் உள்ள ஊர்ப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஊரின் பெயரில் கடிதம் பெறும் பண்ணை வீடுகள் இரண்டு கவுன்ட்டிகளில் இருப்பது அங்கே சாதாரணம்.

கேள்வி: ‘டிஸ்ட்ரிக்ட் கிளார்க்’, ‘கவுன்ட்டி கிளார்க்’ என்று இரண்டு அலுவலகங்கள் இருக்கின்றனவே. எதை அணுக வேண்டும்?

பதில்: விவாகரத்து என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். திருமண உரிமம், நிலப் பத்திரம், உயில் போன்றவை கவுன்ட்டி கிளார்க்கிடம் இருக்கும். நம் ஊர் ‘மாவட்டம்’ என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழப்பம் வரும். டெக்சஸில் டிஸ்ட்ரிக்ட் என்பது நீதிபதியின் ஆட்சி எல்லை; அது பல கவுன்ட்டிகளை உள்ளடக்கியதாகவும் இருக்கலாம். 143-ஆம் டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றம் லவிங், ரீவ்ஸ், வார்டு ஆகிய மூன்று கவுன்ட்டிகளுக்கும் பொதுவானது. நீதிபதி ஒருவரே ஆனாலும், லவிங் கவுன்ட்டியில் தாக்கலான வழக்கின் கட்டு அதன் தலைமையிடமான மென்டோனில்தான் இருக்கும்.

மக்கள்தொகை எட்டாயிரத்துக்குக் குறைந்த கவுன்ட்டிகளில் பொதுவாக ஒருவரே இரண்டு பதவியையும் வகிப்பார். மாநில அரசமைப்பே அதற்கு வழிசெய்கிறது. 2020 கணக்கெடுப்பில் லவிங் கவுன்ட்டியின் மக்கள்தொகை 64. நம் ஊரில் ஒரு திருமண வீட்டின் முதல் பந்திக்கே அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள்.

கேள்வி: கவுன்ட்டி சரி, ஆண்டும் சரி. ஆனால் என் பெயரில் வழக்கே இல்லை என்று கிளார்க் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

பதில்: தமிழர்களின் வழக்குகளில் நான் அடிக்கடி சந்திக்கும் சிக்கல் இதுதான். அட்டவணை குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருக்கும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. தந்தை பெயர் கடைசிப் பெயராகியிருக்கலாம், கணவர் பெயர் ஆகியிருக்கலாம், அல்லது தலைப்பெழுத்து மட்டுமே கடைசிப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தவர்களுக்கு விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகியிருக்கும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அந்த மூன்று எழுத்தையே பெயர் என்று நினைத்துத் தட்டச்சு செய்த வழக்குக் கட்டை நானே பார்த்திருக்கிறேன். மீனாட்சி என்ற பெண்மணி அந்த அட்டவணையில் ‘மீனாட்சி, எஃப்என்யூ’ என்று இருந்தார். ஓராண்டாக அவர் தந்தை பெயரை வைத்துத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆகவே, விவாகரத்து நடந்த காலத்தில் உங்கள் விசாவிலும் ஓட்டுநர் உரிமத்திலும் பெயர் எப்படி இருந்ததோ அதை எழுத்து மாறாமல் கொடுங்கள். அது பலிக்காவிட்டால் முன்னாள் கணவரின் பெயரிலும், பிறகு இருவரின் முதற்பெயரைக் கடைசிப் பெயராகக் கொண்டும் தேடச் சொல்லுங்கள். ஆண்டையும் முன்னும் பின்னுமாக ஓராண்டு விரித்துக் கேளுங்கள். மனு 2010-இல் தாக்கலாகி, தீர்ப்பு 2011-இல் வந்திருந்தால், வழக்கு எண் 2010-க்கு உரியதாகத்தான் இருக்கும்.

கேள்வி: நேரில் போக முடியாது, ஆறு மணி நேரப் பயணம். கடிதம் எழுதினால் அனுப்புவார்களா?

பதில்: அனுப்புவார்கள். ஆனால் எழுதுவதற்கு முன் தொலைபேசியில் அழையுங்கள். பல சிறிய அலுவலகங்கள் நண்பகலில் ஒரு மணி நேரம் பூட்டியிருக்கும், ஆகவே காலையில் அழைப்பது நல்லது. எடுப்பவர் பெரும்பாலும் கிளார்க்காகவோ அவருடைய ஒரே உதவியாளராகவோ இருப்பார். வழக்கு எண் என்ன, இறுதித் தீர்ப்பாணை எத்தனை பக்கம், மொத்தக் கட்டணம் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒரு டாலர் என்பது வழக்கம்; சான்றிடுவதற்கும் தேடுவதற்கும் சில இடங்களில் தனியாக வாங்குவார்கள். குழந்தைகளும் சொத்தும் உள்ள தம்பதியின் தீர்ப்பாணை முப்பது, நாற்பது பக்கம்கூடப் போகும் என்பதால், பக்க எண்ணிக்கை தெரியாமல் பணம் அனுப்புவது வீண்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: மனுதாரர் பெயர், எதிர்மனுதாரர் பெயர், வழக்கு எண், தீர்ப்புத் தேதி, ‘இறுதித் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் இரண்டு வேண்டும்’ என்ற ஒரு வரி, பகலில் எடுக்கக்கூடிய தொலைபேசி எண். வெளியூர்க் காசோலையைப் பல இடங்களில் ஏற்பதில்லை, மணியார்டர் வையுங்கள். உங்கள் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய பெரிய உறையையும் உள்ளே வையுங்கள். நகல் வந்து சேர்ந்ததும், ஸ்கேன் செய்யும் அவசரத்தில் அதன் ஸ்டேப்பிள் ஊசியைப் பிடுங்கிவிடாதீர்கள். பிரித்துச் சேர்த்த அடையாளம் தெரிந்தாலே, பக்கம் மாறியிருக்குமோ என்ற ஐயத்தில் சில அலுவலகங்கள் திருப்பி அனுப்பிவிடும்.

கேள்வி: எல்லாமே இணையத்தில் கிடைக்காதா?

பதில்: வழக்கறிஞர்கள் உரிமையியல் வழக்குகளை மின்வழியில் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி, இருபதாயிரத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட கவுன்ட்டிகளுக்கு 2016 ஜூலை 1-இல்தான் வந்தது. அதற்கு முந்தையவை பெரும்பாலும் காகிதக் கட்டுகள். பிந்தையவற்றிலும் திரையிலிருந்து நீங்களே அச்சிட்ட பிரதி சான்றிட்ட நகல் ஆகாது.

கேள்வி: என் மனைவி டெக்சஸ்காரர். அவருடைய கொள்ளுப்பாட்டிக்கு 1909 வாக்கில் ஃபால்ஃபூரியஸ் ஊரில் விவாகரத்து நடந்ததாகக் குடும்பத்தில் பேச்சு. புரூக்ஸ் கவுன்ட்டியில் கேட்டோம். அப்படி ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

பதில்: இருக்காதுதான். புரூக்ஸ் கவுன்ட்டி 1911-இல்தான் உருவானது. அதற்கு முன் ஃபால்ஃபூரியஸ் ஸ்டார் கவுன்ட்டியில் இருந்தது. ஆகவே ஸ்டார் கவுன்ட்டியின் தலைமையிடமான ரியோ கிராண்டே சிட்டியில் உள்ள டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் கேளுங்கள். அவ்வளவு பழைய வழக்கென்றால், வழக்குக் கட்டைக் கேட்பதோடு நிறுத்தாமல், டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றத்தின் நடவடிக்கைப் பதிவேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கனத்த அட்டையிட்ட அந்தப் பேரேடுகளில் தீர்ப்பைக் கையாலேயே முழுமையாக எழுதிவைப்பார்கள். கட்டு தொலைந்த பல வழக்குகளில் பேரேடு மிஞ்சியிருக்கிறது.

நீதிமன்றம் தீப்பற்றி எரிந்துபோனது என்று யாராவது சொன்னாலும் தேடுவதை விட்டுவிடாதீர்கள். மேசன் கவுன்ட்டியின் நூற்றாண்டு கடந்த நீதிமன்றக் கட்டடம் 2021 பிப்ரவரியில் எரிந்து வெறும் சுவர்களாய் நின்றது. ஆனால் புதுப்பிக்கும் பணிக்காக ஆவணங்களை முன்கூட்டியே வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

கேள்வி: இந்த நகலைத் தமிழ்நாட்டில் மறுமணத்துக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: முதலில் ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்தில் அபோஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் காட்டுவதற்கான சான்றொப்பம், பெறுங்கள்; ஆவணத்துக்குப் பதினைந்து டாலர். இந்தியா 2005 முதல் அதை ஏற்கும் நாடு. ஆனால் முத்திரை தீர்ப்பின் உண்மைத்தன்மையை மட்டுமே காட்டும். இந்தியச் சட்டப்படி அது செல்லுமா என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் பொறுத்தது. எதிர்த்தரப்பு தானாக முன்வந்து வழக்கில் பங்கேற்றதா, இசைந்ததா என்பதற்கு 1991-இல் உச்ச நீதிமன்றம் பெரும் எடை கொடுத்தது. எதிர்த்தரப்பு வராமலே வழங்கப்பட்ட ஒருதலைப்பட்சத் தீர்ப்பாக இருந்தால் தேதி குறிப்பதற்கு முன்பே அங்குள்ள வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: என் தங்கைக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை முன்பே விவாகரத்தானவர். அவருடைய தீர்ப்பை அவருக்குத் தெரியாமல் நான் வாங்க முடியுமா?

பதில்: டெக்சஸில் முடியும். நீதிபதி முத்திரையிட்டு மூடச் சொன்ன ஆவணங்களைத் தவிர, விவாகரத்துத் தீர்ப்பு அங்கே பொது ஆவணம்தான். யார் கட்டணம் கட்டினாலும் தருவார்கள். இருந்தாலும் அவரிடமே கேட்டு வாங்குவதைத்தான் நான் விரும்புவேன். நாளை சம்பந்தியாகப் போகிற வீடு. நியூயார்க்கில் விவாகரத்தானவர் என்றால் உங்களுக்கு வேறு வழியும் இல்லை. அங்கே வழக்குக் கட்டை நூறு ஆண்டுகளுக்குப் பொதுமக்களுக்குத் திறக்க மாட்டார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வழக்கின் இரு தரப்பினரும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் மட்டுமே நகல் பெற முடியும்.