பினாங்கில் புதிதாக வந்தவர் எந்த ஒய்பியிடம் (எம்எல்ஏவிடம்) போவது?

மதுரையிலிருந்து மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்திருக்கும் தம்பி மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். இங்கே எம்எல்ஏக்கள் மொத்தம் எத்தனை பேர், ஆட்சி யார் கையில்? துணை முதல்வர் ஒரு தமிழர் என்று ஊரில் சொன்னார்களே, அவர் இன்னும் இருக்கிறாரா? வாடகை வீட்டுக்குப் பின்னால் சாக்கடை அடைத்து நாறுகிறது, வெளிநாட்டுக்காரன் நான் எந்தத் தமிழ்த் தலைவரிடம் போய்ச் சொல்வது?

தம்பி, உங்களுக்கு அவசரம் சாக்கடைதான் என்று தெரிகிறது. ஆனால் முதல் இரண்டும் பிடிபட்டால் மூன்றாவது தானாகப் புரிந்துவிடும்.

நம்மூரில் 234 பேர் உட்காரும் சபையைப் பார்த்துப் பழகியவருக்கு இது கைக்கடக்கமாகத் தெரியும். பினாங்கு சட்டமன்றத்தில் 40 இடம், அவ்வளவுதான். ஜார்ஜ்டவுன் லைட் ஸ்த்ரீட்டில், வெள்ளைத் தூண்களோடு நிற்கும் பழைய கட்டடத்தில் கூடுகிறது. உறுப்பினரை அடுன் என்பார்கள். நேரில் பேசும்போது எல்லோருக்கும் அவர் ஒய்பி. இப்போதைய சபை 2023 ஆகஸ்ட் 12இல் நடந்த தேர்தலில் வந்தது. பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்கு 27 இடம். அதில் ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) 19, பிகேஆர் கட்சி 7, அமானா கட்சி 1. கூட்டாளியாக நின்ற தேசிய முன்னணி சார்பில் அம்னோவுக்கு 2. எதிரே பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணிக்கு 11: பாஸ் கட்சி 7, பெர்சத்து கட்சி 4. நாற்பதில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 27 பேர் வேண்டும். பக்காத்தான் தனியாகவே அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டது, அம்னோவின் இரண்டு பேர் அதற்கு மேல்.

ஆனால் 2018இல் இதே அணி 37 இடம் வைத்திருந்தது. அப்போது எதிரணியில் மொத்தமே மூன்று பேர். அது 11 ஆனது பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கம், மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் நடந்த மாற்றம். 2024இல் சுங்கை பாக்காப் பாஸ் உறுப்பினர் காலமாகி ஜூலை 6இல் இடைத்தேர்தல் வந்தபோது, ஆளும் அணி முழு பலத்தோடு இறங்கியும் பாஸ் அந்த இடத்தை விடவில்லை. தீவில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் இந்த மாநிலத்தின் பாதி அரசியல் கண்ணில் படாது.

தலைமைக்கு வருவோம். இங்கே சுல்தான் கிடையாது. ஆளுநர் இருக்கிறார், மலேசிய மாமன்னர் நியமிப்பவர். 2025 மே முதல் துன் ரம்லி ஙா தாலிப். முதல்வர் சாவ் கொன் இயோவ், பாடாங் கோத்தா தொகுதிக்காரர், 2018 முதல் பதவியில் இருக்கிறார். ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் முதல்வராக இருக்க முடியாது என்று மாநிலச் சட்டத்திலேயே வைத்துவிட்டார்கள், அதனால் இது அவருக்குக் கடைசித் தவணை. (நம்மூரில் இப்படி ஒரு சட்டம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், பொழுது போகும்.) எதிர்க்கட்சித் தலைவர் சுங்கை டுவா தொகுதியின் முகமட் ஃபவுசி யூசோஃப், பெர்சத்து. சபாநாயகர் லாவ் சூ கியாங் 2013இலிருந்து அந்த நாற்காலியில் இருக்கிறார். 2018இல் அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. வெளியிலிருந்தும் ஒருவரைச் சபாநாயகராகக் கொண்டுவர இங்கே வழி உண்டு.

இனி நீங்கள் கேட்ட துணை முதல்வர். ஊரில் சொன்னது பேராசிரியர் பி. இராமசாமியைத்தான். பிறை தொகுதியில் ஜெயித்து, 2008 முதல் 2023 வரை இரண்டாவது துணை முதல்வராக இருந்தார். 2023இல் கட்சி அவருக்கு சீட் கொடுக்கவில்லை. கட்சியை விட்டு வெளியேறி உரிமை என்று புதிதாக ஆரம்பித்தார். அந்தப் பதவிக்கு இப்போது டத்தோ கெராமாட் உறுப்பினர் ஜெக்டிப் சிங் டியோ வந்திருக்கிறார், பஞ்சாபி. முதலாவது துணை முதல்வர் பத்து மாவுங் தொகுதியின் முகமட் அப்துல் ஹமிட், பிகேஆர். 2008இலிருந்து வழக்கம் இதுதான்: ஒரு துணை முதல்வர் மலாய்க்காரர், இன்னொருவர் இந்தியர்.

இந்தியர் என்ற கணக்கில் சீக்கியரும் சேருவார்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் தமிழர்கள் நடுவே அது பெரிய பேச்சாகத்தான் இருந்தது. பிறையில் டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரு மேசைக்கு ஒரு தீர்ப்பு. ‘நாற்காலி போச்சு’ என்பார் ஒருவர். ‘நாற்காலியில் ஆள் இருந்தபோது மட்டும் என்ன பெரிசா நடந்தது’ என்பார் அடுத்தவர். என் கருத்தைக் கேட்டால், இரண்டு பேரும் பாதி சரி. தமிழ்ப்பள்ளிக்கு நிலம், கோயில் விவகாரம் என்று வரும்போது ஆட்சிக்குழுவில் (நம்மூர் அமைச்சரவை மாதிரி) தமிழ் பேசும் ஒருவர் இருப்பது நிச்சயம் உதவும். அந்த இடம் இப்போதும் காலியாக இல்லை. பிறையில் இராமசாமிக்குப் பதிலாக நின்று ஜெயித்த சுந்தரராஜூ சோமு ஆட்சிக்குழுவில் இருக்கிறார், வீடமைப்பும் சுற்றுச்சூழலும் அவர் பொறுப்பு. சபையில் பாகான் டாலாம் குமரன் கிருஷ்ணனும் பத்து உபான் குமரேசன் ஆறுமுகமும் இருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் சாக்கடைக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல வந்தேன். புதிதாக வருகிற நம்மவர்கள் முதலில் செய்வது ‘தமிழ் ஒய்பி யார்’ என்று விசாரித்து, பாலம் தாண்டி பிறை வரைக்கும் போய் நிற்பதுதான். அங்கே இருப்பவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, ‘உங்க ஏரியா அடுனைப் பாருங்க’ என்று அனுப்பிவிடுவார்கள். நீங்கள் தேட வேண்டியது உங்கள் வீட்டு முகவரி எந்தத் தொகுதியில் வருகிறது என்பதை. வீட்டுக்காரரைக் கேளுங்கள், இல்லையென்றால் அடுக்குமாடியின் காவலாளியைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அங்கே இருக்கும் ஒய்பி சீனரோ மலாய்க்காரரோ, அவர்தான் உங்கள் ஆள்.

சாக்கடை சட்டமன்ற உறுப்பினரின் வேலையா என்று கேட்பீர்கள். சட்டப்படி அது நகராண்மையின் வேலை, தீவு முழுக்க பினாங்கு மாநகர் மன்றத்தின் கையில். ஆனால் இந்த நாட்டில் உள்ளாட்சித் தேர்தலை 1965இல் நிறுத்தினார்கள், இன்றுவரை திரும்பி வரவில்லை. கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கிறது. வார்டுக்கு ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் இல்லாததால் தெருவிளக்கு, குப்பை, தெருநாய் எல்லாமே அடுனின் வாசலுக்கு வந்துவிடுகின்றன.

எங்கள் பக்கத்துச் சேவை மையம் ஒரு அடுக்குமாடியின் தரைத்தளத்தில், முடிவெட்டும் கடைக்கு அடுத்து இருக்கிறது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே ஒரு மேசை, சுவரில் ஒய்பி படம், மூலையில் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த சக்கர நாற்காலி இரண்டு. ஒரு சீனப் பாட்டி நிலவரி பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். உதவியாளர் பெண் ஒரு கையில் போனோடு, மறு கையில் நோட்டில் எழுதிக்கொண்டே, ‘படம் இருக்கா? வாட்ஸ்அப்ல போடுங்க’ என்பார். ஒய்பியைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். வேலை நடப்பது இந்தப் பெண்ணிடம்தான்.

நீங்கள் வெளிநாட்டுக்காரர் என்பதால் துரத்த மாட்டார்கள். சாக்கடை நாற்றத்துக்குக் குடியுரிமை கிடையாது. ஓட்டுதான் இல்லை. எனக்கும் இல்லை, என்னிடம் இருப்பது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான அடையாள அட்டை. என் மனைவி இங்கே பிறந்தவள், தேர்தல் நாளில் மை வைத்த விரலைக் காட்டி என்னைக் கிண்டல் செய்வாள்.

விசா, வேலை பெர்மிட் இதற்கெல்லாம் மட்டும் சேவை மையத்தை நம்பி இருக்காதீர்கள். குடிநுழைவு, போலீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கூட்டரசின் (மத்திய அரசின்) கையில். நிலம், தண்ணீர், உள்ளாட்சி ஆகியவைதான் மாநிலத்தின் கையில் இருப்பதில் முக்கியமானவை. தைப்பூசத்துக்கு பினாங்கில் விடுமுறை, பக்கத்து மாநிலம் ஒன்றில் இல்லாமலும் போகலாம் என்பதும் இதனால்தான். பெர்மிட் சிக்கல் என்றால் முதலில் உங்கள் கம்பெனி எச்ஆர், அப்புறம் குடிநுழைவுத் துறை, தேவைப்பட்டால் இந்தியத் தூதரகம்.

கட்சித் தாவல் பற்றியும் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள், கூவத்தூர் ஞாபகம் போலிருக்கிறது. 2020இல் கோலாலம்பூரில் ஆட்சி கவிழ்ந்தபோது இங்கேயும் நான்கு பேர் ஆளும் அணியில் இல்லாமல் போனார்கள். 37 இடம் இருந்ததால் ஆட்சி ஆடவில்லை. தாவினால் இடம் காலி என்று பினாங்கு 2012லேயே மாநிலச் சட்டத்தில் எழுதியிருந்தது. அது செல்லுமா என்ற வழக்கில் 2022இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2023 மார்ச்சில் அந்த நான்கு இடங்களையும் சபை காலி என்று அறிவித்தது. சில மாதத்தில் மாநிலத் தேர்தலே வந்துவிட்டதால் தனியாக இடைத்தேர்தல் நடக்கவில்லை.

சரி, சாக்கடைக்குப் போகும்போது வீட்டின் முழு முகவரி, சாக்கடை எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிகிற மாதிரி பகலில் எடுத்த இரண்டு படம், பாஸ்போர்ட் நகல் ஒன்று கொண்டுபோங்கள். வீட்டுக்காரரிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தெரியாமல் புகார் போனால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். மலாய் வராவிட்டால் ஆங்கிலத்தில் பேசினால் போதும். ஒரு வாரம் பார்த்துவிட்டு அதே வாட்ஸ்அப் எண்ணுக்கு அந்தப் படத்தையே திரும்பவும் அனுப்புங்கள்.