பெரியம்மா அம்மா ஆகலாமா? வக்கீலிடம் கேளுங்கள்

கேள்வி: தங்கைக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. எனக்குக் குழந்தை இல்லை என்பதால் மூன்று மாதத்திலேயே என் கையில் கொடுத்துவிட்டாள். இப்போது அவளுக்கு 13 வயது. என்னைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். என் வீட்டுக்காரர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். பத்தாம் வகுப்புக்குள் சர்ட்டிஃபிகேட்டில் என் பெயர் வரணும். தெரிந்த வக்கீல் ஒருவர், 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி சீல் வாங்கினால் போதும் என்கிறார். பிறந்தப்பவே ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கொடுத்திருக்கலாமோ என்றும் தோன்றுகிறது.
– வாசகி, பேரணாம்பட்டு

பதில்: கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காமல் இருந்தது ரொம்ப நல்லது. பெற்றவளை அக்கா பெயரில் அட்மிட் செய்து, பிறப்புப் பதிவிலேயே பொய்யை ஏற்றுகிற வேலை நம்ம பக்கம் நிறைய நடந்திருக்கிறது. குழந்தை வளரும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். சொத்தில் பங்கு என்று வரும்போதுதான் பெரியப்பா மகனோ கொழுந்தனாரோ ‘இவள் இவங்க பெண்ணே இல்லை’ என்று கோர்ட்டில் நிற்பார், அப்போது அந்தப் பிறப்புச் சான்றிதழ் உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

நோட்டரி தாள் தத்து ஆகாது. அந்த வக்கீலிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள், பரவாயில்லை.

நீங்கள் இந்து என்று கடிதத்தில் எழுதியிருப்பதால் 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். விதவை தன் பேரிலேயே தத்தெடுக்கலாம். (புருஷன் உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு அந்த உரிமை 2010 திருத்தத்தில்தான் கிடைத்தது, அதுவரை எடுப்பவர் அவர்தான், மனைவிக்கு சம்மதம் சொல்கிற பங்கு மட்டும்தான்.) உங்களுக்கு வேறு பெண் குழந்தை இருக்கக்கூடாது, அது இல்லை. தங்கையும் அவள் வீட்டுக்காரரும் இருவரும் சம்மதிக்கணும், காசு கைமாறக்கூடாது. குழந்தைக்கு 15 வயது முடிந்திருக்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் உங்களுக்கு அவசரம். இன்னும் இரண்டு வருஷம்கூட கையில் இல்லை.

ஹோமம் கட்டாயமில்லை. ஆனால் பெற்றவர்கள் கொடுத்தார்கள், நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள் என்கிற அந்தச் செயல் நிஜமாக நடந்திருக்கணும், அதற்கு சாட்சி வேணும். அப்புறம் சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவு செய்யுங்கள். கொடுப்பவர், எடுப்பவர் இருவரும் கையெழுத்திட்டுப் பதிவான பத்திரம் இருந்தால், பொய் என்று நிரூபிக்கிற வரை தத்து முறையாக நடந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இதை வைத்துத்தான் பிறப்புப் பதிவிலும் பள்ளியிலும் மனு போடணும்.

ஒரு விஷயத்தைத் தங்கையிடம் கேட்டுப் பாருங்கள். 13 வருஷத்துக்கு முன்னால் கொடுத்தது தத்தாகவா, வளர்க்கவா? தத்தாகவே உங்கள் இருவர் கையிலும் கொடுத்து, பார்த்தவர்கள் இன்றும் இருந்தால், உங்கள் வீட்டுக்காரரும் சட்டப்படி அப்பா. அவர் சொத்தில் அவளுக்கும் பங்கு உண்டு, பத்திரத்திலும் அதை அப்படியே எழுதணும். சும்மா வளர்க்கத்தான் கொடுத்தாள் என்றால் இன்றைய தேதியில் நீங்கள் ஒருவர் மட்டும் எடுக்கிற தத்து அது. எது நடந்ததோ அதை எழுதுங்கள், வசதிக்கு மாற்றாதீர்கள்.

15 தாண்டிவிட்டாலும் கதவு முழுசாக மூடிவிடாது. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயதுக்குள் இருக்கும் உறவுக்காரக் குழந்தையை ‘காரா’ (தத்தெடுப்பைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பு) வழியாகத் தத்தெடுக்கலாம். பெரியம்மா அந்த உறவுக்குள் வருவார். 2022 செப்டம்பரிலிருந்து உத்தரவு போடுவது கோர்ட் அல்ல, கலெக்டர். விசாரிக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

கேள்வி: நாங்கள் முஸ்லிம். எங்களுக்குத் தத்து கிடையாது என்கிறார்களே?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: முஸ்லிம் தனிச்சட்டத்தில் கிடையாது, இளைஞர் நீதிச் சட்டத்தில் உண்டு. எந்த மதத்தினரும் விரும்பினால் அந்த வழியில் எடுக்கலாம் என்று ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டாயம் இல்லை, அவரவர் விருப்பம். எடுக்காமல் வளர்க்கிறீர்கள் என்றால் அந்தக் குழந்தை தானாக வாரிசு ஆகாது. வாழும்போதே ஹிபாவாக (தானமாக) கொடுங்கள், அல்லது சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வசிய்யத் (உயில்) எழுதுங்கள்.

கேள்வி: கல்யாணமாகாத என் தங்கை குழந்தையோடு இருக்கிறாள். எங்கே போனாலும் அப்பா பெயர் கேட்கிறார்கள்.
– வாசகி, ஆற்காடு

பதில்: கேட்பார்கள், சொல்ல வேண்டியதில்லை. திருமணமாகாத தாய், தகப்பனுக்கு நோட்டீஸ் கொடுக்காமலே கார்டியன் ஆகலாம், ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழ் தரணும் என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பரிலிருந்தே பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். தீர்ப்பின் நகலைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். கவுன்டரில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகவேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு நானும் தங்கையும். அம்மா இருக்கும்போதே அப்பா வேறொரு பெண்ணையும் கட்டிக்கொண்டார். அவர் இப்போது இல்லை, உயில் எழுதவில்லை. அந்தப் பிள்ளைகள் இருவரும் பூர்வீக நிலத்தில் பங்கு கேட்கிறார்கள். இது நியாயமா?
– வாசகர், அணைக்கட்டு

பதில்: உங்கள் கோபம் அப்பாமேல் இருக்கவேண்டியது, பிள்ளைகள் மேல் அல்ல. செல்லாத கல்யாணத்தில் பிறந்தாலும் அவர்கள் அவருடைய சட்டபூர்வமான பிள்ளைகள்தான், அவர் பங்கில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று 2023 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதற்குமேல் கிடையாது, கூட்டுக் குடும்பத்தில் உங்களைப் போலப் பிறப்புரிமையும் கிடையாது. கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நீங்கள், உங்கள் தங்கை, அப்பா ஆளுக்கு மூன்றில் ஒன்று. அப்பாவின் அந்த மூன்றில் ஒன்றை அம்மா, நீங்கள் இருவர், அவர்கள் இருவர் என்று ஐந்தாகப் பிரிக்கணும். ஆக அவர்களுக்கு ஆளுக்குப் பதினைந்தில் ஒன்று. அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கு மனைவி என்ற முறையில் எதுவும் வராது. பதினைந்தில் ஒன்றுக்காகப் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடக்கவேண்டுமா என்று வீட்டில் பேசுங்கள்.

கேள்வி: இரண்டு பெண்கள் சேர்ந்து இருப்பதும் குடும்பம்தான் என்று ஹைகோர்ட் சொன்னதாமே, அதுவும் வேலூர் வழக்காம். நிஜமா?
– வாசகர், காட்பாடி

பதில்: நிஜம்தான். 2025 மே 22, நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு. 25 வயதுப் பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டில் அடைத்து வைத்திருப்பதாக அவருடைய துணைவி ஆட்கொணர்வு மனு போட்டார், வேலூர் எஸ்.பி. எதிர்மனுதாரர்களில் ஒருவர். அந்தப் பெண் விருப்பம்போலப் போகலாம், வீட்டார் தடுக்கக்கூடாது, தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்பு தரணும் என்று உத்தரவு. குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். புகார் கொடுத்தும் போலீஸ் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை என்று கடிந்துகொள்ளவும் செய்தார்கள்.

இதைக் கேட்டுப் பதறுகிறவர்களுக்கும் கொண்டாடுகிறவர்களுக்கும் ஒரே தகவல்: இது கல்யாண அங்கீகாரம் இல்லை. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைத் தர மறுத்துவிட்டது. அதனால் இந்து சட்டப்படி இவர்களில் ஒருவர் போய்விட்டால் சொத்து பெற்றவர்களுக்குத்தான் போகும், அதாவது எந்த வீட்டிலிருந்து வெளியே வந்தாரோ அந்த வீட்டுக்கே. என்னிடம் இப்படி யாராவது வந்தால் முதலில் உயில் எழுதச் சொல்வேன், இரண்டு சாட்சியோடு, முடிந்தால் பதிவும் செய்து. சேர்ந்து பேங்க் அக்கவுன்ட் தொடங்கலாம், துணையை நாமினியாகப் போடலாம், தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் விளக்கம் கொடுத்திருக்கிறது. ரேஷன் கார்டிலும் ஒரே வீட்டுக்காரர்களாகக் கருதச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. நடைமுறையில் தாலுகா அலுவலகத்தில் அலைய வைப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கேள்வி: இதெல்லாம் சரி, வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது? ஷூ கம்பெனியில் வேலை, சம்பளம் வீட்டுக்கே பத்தலை.
– வாசகி, ஆம்பூர்

பதில்: நீங்கள் பெண் என்பதே போதும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரணும் என்று 1987-ஆம் வருஷத்து சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. வேலூர்க்காரர்கள் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், நீங்கள் ஆம்பூரிலேயே தாலுகா அளவில் விசாரிக்கலாம். ஆதாரும், வழக்கு சம்பந்தமான தாள்களின் ஜெராக்ஸும் எடுத்துப் போங்கள். நடுவில் யாராவது ‘செலவுக்கு’ என்று காசு கேட்டால் கொடுக்காமல் அங்கேயே புகார் எழுதிக் கொடுங்கள்.